ஐந்து பேர், ஆறு பட்டியல்

பெட்டியிலிருந்து எடுத்த தாள்களை எண்ணி முடித்த வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மறுபடி எண்ணினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"நாம மொத்தம் எத்தன பேரு?" என்று கேட்டார்.

"என்ன வாத்தியாரே, கணக்கு வாத்தியார் நீங்களே எங்களக் கேக்கறீங்க? அஞ்சு பேரு," என்றாள் அண்ணி.

"இங்க ஆறு பட்டியல் இருக்கு."

டெசிபல் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஆறுதான்.

டெசிபல் என்பது அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். காது கேட்கும் கருவி பொருத்தும் மையம் ஒன்றில் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்பி, யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. காதோடு புழங்கும் பெண்ணுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. அண்ணனுக்கும் அதே பைத்தியம். அண்ணிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தொற்றிக்கொண்டது.

அண்ணன் சர்வேயர். நிலம் அளந்து படம் போடுகிறவர். சுருட்டிவைத்த வரைபடங்களும் மூன்றுகால் கருவிகளுமாக இருக்கும் அவருடைய மாடி அலுவலகத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். அண்ணன், மருந்துக்கடை நடத்தும் அண்ணி, டெசிபல், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார், அடுத்த தெருவில் பேக்கரி வைத்திருக்கும் பேக்கரிக்காரர். கடந்துபோன வருடங்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த வருடம் வந்த பாப் ஆல்பங்களையும், பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் சின்னக் குழுக்கள் தாங்களே போட்ட இண்டி ஆல்பங்களையும் தேடிப் பிடித்து, வாரத்துக்கு மூன்று என்று முழுசாகக் கேட்பார்கள். எல்லாம் கேட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி, பெயர் போடாமல், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். முதல் இடத்துக்குப் பத்து புள்ளி, கடைசிக்கு ஒன்று. கூட்டுவது வாத்தியார்.

இந்தத் தடவை சீட்டில் வந்தது இரண்டாயிரத்துப் பதினொன்று. இருபத்தொரு ஆல்பம். ஏழு வாரம். சண்டைக்குக் குறைவில்லை.

"யாரோ ரெண்டு தடவ போட்டிருக்கீங்க," என்றார் வாத்தியார், வகுப்பைப் பார்ப்பதுபோல எல்லோரையும் பார்த்து. "இப்பவே ஒத்துக்கிட்டா தண்டனை கிடையாது."

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் முதலில் தெரிந்த கையெழுத்துகளைப் பிரித்தெடுத்தார். பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனுடையது அளவெடுத்து எழுதின மாதிரி இருக்கும். அண்ணியுடையது டாக்டர் சீட்டு படித்துப் படித்து அதேபோல ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் எழுத்தில் மாவு ஒட்டியிருக்கும். அப்படி ஐந்தும் போக மிஞ்சியது ஒரு கோடு போட்ட தாள். நாலாக மடித்திருந்த மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. எழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருந்தது. பத்துப் பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி.

"படிங்க, படிங்க," என்றார் அண்ணன்.

"ஒண்ணு, துரு," என்று வாத்தியார் ஆரம்பித்ததுமே பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார்.

துரு என்பது மூன்று பேர் சேர்ந்து ஒரு கராஜில் பதிவுசெய்த ஆல்பம். பாடுகிற ஆள் சளி பிடித்து எழுந்து வந்தவன்போலப் பாடுவான். அது ஓடின ஞாயிற்றுக்கிழமை அண்ணி இருபதாவது நிமிடத்திலேயே காதைப் பொத்திக்கொண்டாள். ஐந்து பட்டியலில் அதற்கு இடம் கொடுத்தவர் அண்ணன் ஒருவர்தான். அதுவும் ஒன்பதாவது இடம், போனால் போகட்டும் என்று.

வாத்தியார் தொடர்ந்து படித்தார். "'ஒண்ணு, துரு. நடந்து வர்ற ஆள் மாதிரி ஆரம்பிக்குது. கடைசி வரைக்கும் அவசரப்படல. கூடவே நின்னு வேல செய்யுது.' ரெண்டு, மின்வெட்டு. 'ரெண்டாவது பாட்டு நடுவுல எல்லாம் நின்னு போகுது. போச்சுன்னு நெனைக்கறப்ப வருது பாருங்க, அங்க ஒரு தடவ கைய நிறுத்திட்டேன்.'"

"அட," என்றாள் டெசிபல். "நல்லா எழுதியிருக்காங்களே."

"பொறுங்க. 'எட்டு, பேப்பர் நிலா. நாப்பது நிமிஷம் அமைதி. யாரோ கால் தட்டற சத்தம் மட்டும். தட்டறவருக்குத் தாளம் வராது. ஆனா விடாம தட்டறார். அது எனக்குப் பிடிச்சிருந்துது.'"

அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேப்பர் நிலா ஒரு கிட்டாரும் ஒரு குரலுமாக, பூனை நடப்பதுபோல மெல்லமாகப் போகும் ஆல்பம். டெசிபலின் பட்டியலில் அதுதான் முதல். அதில் கால் தட்டல் எங்கே வந்தது?

"'பத்து,'" என்று படித்த வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. "'ஜன்னலோர சீட்டு. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு.'"

ஜன்னலோர சீட்டு அந்த வருடம் எல்லா டாக்சியிலும் ஓடிய பாப் ஆல்பம். பாடின பெண்ணின் குரலுக்காகவே வாத்தியார் அதை முதல் இடத்தில் வைத்திருந்தார். அண்ணியும்தான்.

கூட்டிப் பார்த்தபோது விஷயம் இன்னும் சிக்கலானது. ஐந்து பட்டியலை மட்டும் கூட்டினால் ஜன்னலோர சீட்டுக்கு நாற்பத்து நாலு, பேப்பர் நிலாவுக்கு நாற்பத்து மூன்று. ஆறாவதையும் சேர்த்தால் முன்னதற்கு நாற்பத்தைந்து, பின்னதற்கு நாற்பத்தாறு. ஒரே ஒரு தாள் முதலிடத்தைப் புரட்டிப் போட்டிருந்தது.

"செல்லாது," என்றார் வாத்தியார். "ஆள் யாருன்னே தெரியாத ஓட்டு."

"பேரு போடக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதானே," என்றாள் அண்ணி. தனக்குப் பிடித்தது தோற்றாலும் வாத்தியாரை மடக்குவது அவளுக்குப் பிடிக்கும்.

"யாருன்னு கண்டுபிடிச்சுட்டா சேத்துக்கலாமா?" என்று கேட்டாள் டெசிபல்.

வாத்தியார் யோசித்தார். "கண்டுபிடிச்சா பாக்கலாம். அந்த ஆளு எல்லாத்தையும் கேட்டிருக்கணும். கேக்காம ஓட்டு கிடையாது."

டெசிபல் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் மையத்தில் ஒருவர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வரும் இடைவெளியில் எடுத்து எடுத்துப் படித்தாள். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு பெரியவருக்குச் சோதனை செய்தாள். "எல்லாம் கேக்குதும்மா, பேசறது மட்டும் புரிய மாட்டேங்குது," என்றார் அவர். அவருக்குக் கனமான சத்தமெல்லாம் நன்றாகக் கேட்டது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் போய்விட்டிருந்தன. தாளில் கோடு ஒரு மேட்டிலிருந்து சறுக்கி விழுவதுபோல விழுந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. பட்டியலை எடுத்து மேசையில் விரித்தாள். பத்து வரி. பத்தில் ஒன்றில்கூடப் பாடுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குரல் இல்லை, பாட்டு வரி இல்லை, கிட்டார் இல்லை. எல்லாம் அடி, நடை, நிற்பது, திரும்ப வருவது. டிரம்ஸும் கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டாரும் மட்டுமே காதில் விழுகிற ஆள் எழுதினது இது. கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பேப்பர் நிலா அவருக்கு நாற்பது நிமிட அமைதி. குரலே உயிரான ஜன்னலோர சீட்டு அவருக்கு ஒரே பாட்டு.

"கடவுளே, நம்ம அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக் காது போயிட்டு இருக்கு," என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கையெழுத்தை மாற்றி எழுதியிருக்க வேண்டும். நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, காது விஷயம் தெரிந்தவளுக்குப் புரியட்டும் என்று இப்படி இரண்டாவதாக ஒரு தாளைப் போட்டிருப்பார்களோ? யார் அது?

முதலில் அண்ணனைச் சந்தேகப்பட்டாள். துருவுக்கு இடம் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். "புது மெஷின் வந்திருக்கு, சும்மா ஓட்டிப் பாக்கணும், வாண்ணா," என்று பொய் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்த அண்ணன், சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்று சொன்னதற்கு, பரீட்சை எழுதுகிறவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். கோடு தரையில் போட்ட பாய் மாதிரி நேராக வந்தது.

"எப்படி?"

"எல்லாம் கேக்குதுண்ணா உனக்கு."

"உங்க அண்ணிகிட்ட இத எழுத்துல தர முடியுமா?"

அண்ணி மருந்துக்கடை மதிய இடைவேளையில் வந்தாள். அவளுக்கும் குறை எதுவும் இல்லை. "நான் கூப்பிட்டா உங்க அண்ணனுக்குக் கேக்கறதில்லையே, அதுக்கு உங்கிட்ட மெஷின் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பேக்கரிக்காரருக்கு மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று கோட்டில் ஒரு இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆனால் அந்தப் பள்ளத்துக்கும் பட்டியலுக்கும் பொருத்தம் இல்லை. வாத்தியார் வரமாட்டேன் என்றார். பிறகு மற்ற மூன்று பேரும் பாஸ் என்று தெரிந்ததும் தானாக வந்து நின்றார். அவருக்குத்தான் எல்லோரையும்விட நல்ல காது. "பின் பெஞ்சுல மிட்டாய் உறை பிரிச்சாக்கூட எனக்குக் கேக்கும்," என்று பெருமையாகச் சொன்னார்.

மிஞ்சியது அவள்தான். ஒரு சந்தேகத்துக்குத் தன் காதையும் சோதித்துக்கொண்டாள். சரியாக இருந்தது.

ஐந்து பேரில் யாரும் இல்லை என்றால் அந்த ஆறாவது ஆள் எங்கிருந்து வந்தார்? அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டெசிபல் பேப்பர் நிலாவை ஹெட்போனில் போட்டு, தரையில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி முழுசாகக் கேட்டாள். கால் தட்டல் எங்கேயும் இல்லை. கிட்டார்க் கம்பியில் விரல் நகரும் சத்தம் இருந்தது. பாடகன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கால் மட்டும் இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். இல்லவே இல்லை. அப்படியானால் எழுதினவர் கேட்ட ஆல்பமும் தான் கேட்ட ஆல்பமும் வேறு வேறா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். "முடிவு சொல்றதுக்கு முன்னாடி பேப்பர் நிலாவ இன்னொரு வாட்டி கேட்டுடலாமா?" என்றாள். அண்ணன் வழக்கம்போலக் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஆல்பத்தைப் போட்டார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் விடியற்காலையிலிருந்து வேலை பார்த்த களைப்பில் வழக்கம்போலத் தூங்கியும் போனார். டெசிபல் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

மூன்றாவது பாட்டில் கண்டுபிடித்தாள். வாத்தியாரின் வலது கால். கண்ணை மூடி, முகத்தில் தவம் செய்கிற களையோடு உட்கார்ந்திருந்தார். ஷூ குதிகால் மட்டும் மரத்தரையில் டொக், டொக்டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாட்டில் மூழ்கிக் கிடந்ததில் இத்தனை நாள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

தரை.

அவள் குனிந்து உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. ஸ்பீக்கர் இரண்டும் நேரே தரையில்தான் நின்றன. காது போனது எந்த மனுஷனுக்கும் இல்லை. குரலை வடிகட்டிவிட்டு அடியை மட்டும் அனுப்புகிற செவிட்டுத் தரை ஒன்று அவர்கள் காலுக்கு அடியிலேயே இருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது?

எட்டு வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறாள். கீழே லாண்டரி இருப்பது தெரியும். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

சத்தம் போடாமல் கதவைத் திறந்து வெளியே வந்து, படியிறங்கி, லாண்டரியின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினாள். சூடான ஈரக்காற்று முகத்தில் மோதியது. ஆள் உயரத் துவைக்கும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. சோப்புத் தூள் வாசனை. மலை மாதிரி வெள்ளைப் படுக்கை விரிப்புகள். கடைசியில், ஒரு இரும்புத் தூணை ஒட்டிப் போட்ட நீண்ட மேசையில் ஒரு பெண் நின்று ஆவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீலநிற ஏப்ரன், முழங்கை வரை மடித்த சட்டை, நெற்றியில் வியர்வைக்குக் கட்டின துணி. விரிப்பை மடித்து வைக்கிற கையைப் பார்த்தாள் டெசிபல். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"துணி வாங்கவா? கவுண்டர் அந்தப் பக்கம்மா," என்றாள் அந்தப் பெண், இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி.

டெசிபல் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள்.

அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடி வெளுத்து, உடனே சிவந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. பெட்டிமேல 'பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்குள் போடவும்'னு எழுதி ஒட்டியிருந்துது. யாரு போடணும்னு எழுதல. என்னிக்கு என்ன ஆல்பம்னு படிக்கட்டுச் சுவத்துல நீங்கதான் அட்டவணை ஒட்டி வெச்சிருக்கீங்க. நானும் எல்லாம் கேட்டேன். அதான்..."

"தப்பே இல்லக்கா. இத விட நல்ல பட்டியல் இந்த எட்டு வருஷத்துல யாரும் போட்டதில்ல. இங்க எப்படிக் கேக்குது உங்களுக்கு?"

இஸ்திரிக்காரப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும், "இங்க வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்துத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "சாஞ்சுக்கோங்க. முதுகு முழுசாப் படணும். இப்ப ஒண்ணும் இருக்காது. இப்ப ஓடறது அந்தக் கால் தட்டற ஆல்பம்."

இருந்தது. தூண் வழியாக டொக், டொக்டொக், டொக் என்று வாத்தியாரின் குதிகால் டெசிபலின் முதுகெலும்பில் இறங்கியது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எங்க போய்த் தொலஞ்ச நீ, பாதியில?" என்றார் அண்ணன் கிசுகிசுப்பாக.

"அண்ணா, எதையும் கேக்காத. துரு போடு. எப்பவும் போடற சத்தத்துல."

சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு துரு ஆரம்பித்தது.

தூரத்திலிருந்து ஒருவன் நடந்து வருவதுபோல இருந்தது. காலடி ஒவ்வொன்றும் தூணில் ஏறி, தோள்பட்டையில் பரவி, மேசையில் இருந்த தண்ணீர்க் குப்பியில் வட்டம் வட்டமாக அலை போட்டது. உலர்த்தும் இயந்திரத்தின் ஹோ என்ற இரைச்சல் குரலையெல்லாம் விழுங்கிவிட்டது. சளி பிடித்த ஆள் அங்கே இல்லவே இல்லை. பேஸ் கிட்டார் மட்டும் ஒரு நிதானத்தோடு, எதையோ தோளில் சுமந்துகொண்டு போகிறவன்போலப் போனது. இஸ்திரிக்காரப் பெண் விரிப்பை எடுத்துப் போட்டாள். பெட்டி போகும்போது ஒரு அடி, வரும்போது ஒரு அடி. மடிப்புக்கு இரண்டு. அவள் வேலையை நிறுத்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை. டெசிபல் வாயைத் திறந்தபடி நின்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே ஆல்பத்தைக் கேட்டுத் தானும் சிரித்தது நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது.

"பாட்டு இவ்வளவுதான் வரும்," என்றாள் அந்தப் பெண். "சண்டைதான் நல்லாக் கேக்கும். பாட்டு முடிஞ்சதும் காத்து வேணும்னு கதவத் தொறந்து வெச்சுக்கறீங்களா, படிக்கட்டு வழியா ஒரு வார்த்தை விடாம இறங்கி வரும். 'இவன் குரலக் கேட்டா தலைவலி மாத்திரை நாலு போடணும்'னு ஒரு அம்மா சொன்னாங்களே, அன்னிலேருந்து எனக்கு ஒரே யோசனை. அப்படி என்னதான் குரல் அது?"

"எங்க அண்ணி அது."

"ஜன்னலோர சீட்டுக்காக ஒருத்தர் உயிர விட்டாரே?"

"வாத்தியார். கால் தட்டறதும் அவர்தான்."

இஸ்திரிக்காரப் பெண் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அய்யோ, தாளம் வராதுன்னு எழுதிட்டேனே!"

"அத மேல வந்து நீங்களே சொல்லிடுங்க."

"ஆறு மணி வரைக்கும் நகர முடியாதும்மா. ஹோட்டல் வண்டி வரும்." பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல, "ஆமா, துரு உங்க யாருக்கும் பிடிக்கலன்னுதானே சண்டை போட்டீங்க? அப்புறம் ஏன் தினமும் காலைல பத்து மணிக்கு அதையே போடறீங்க?" என்று கேட்டாள்.

"தினமுமா? வார நாள்ல மேல எங்க அண்ணன் மட்டும்தான் இருப்பாரு."

"அப்ப அவர்தான். ஒரு நாள் விடறதில்ல. அதக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பிடிச்சுப் போச்சு."

டெசிபல் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனின் காது சிவந்துவிட்டது.

"படம் போடறப்ப கை ஆடாம இருக்கும் அதக் கேட்டா," என்றார் மெதுவாக. "நீங்க எல்லாம் அப்படிச் சிரிச்சப்ப எப்படிச் சொல்றது? ஒன்பதுன்னு எழுதிட்டேன்."

"வீட்டுல ஒருத்தி இருக்கேன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லத் தொடங்கி, முடிக்கும்போது சிரித்துவிட்டாள்.

வாத்தியார் மட்டும் தன் வலது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பேப்பர் நிலாவுக்கு விழுந்த மூணு புள்ளியும் என் காலுக்கா?"

"உங்க காலுக்கேதான்," என்றார் தூக்கத்திலிருந்து எழுந்த பேக்கரிக்காரர். "நீங்க போட்ட முதலிடத்த நீங்களே தட்டித் தள்ளிட்டீங்க."

ஆறே காலுக்கு இஸ்திரிக்காரப் பெண் மேலே வந்தாள். ஏப்ரனைக் கழற்றி, முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றவளை அண்ணி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, இருந்ததில் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் அறையை ஆசையாகச் சுற்றிப் பார்த்தாள். ஸ்பீக்கர் நிற்கும் இடத்தைக் கண்டதும், "ஓ, இதுக்கு நேர் கீழதான் என் தூணு," என்று தலையாட்டிக்கொண்டாள்.

"எத முதல்ல போடட்டும்?" என்று கேட்டார் அண்ணன்.

"துரு. அந்தக் குரலக் கேக்காம எனக்கு மண்ட வெடிச்சுடும்."

துரு ஓடியது. நடை வந்தது, அவள் புன்னகைத்தாள். குரல் வந்தது. அவள் புருவம் உயர்ந்தது. முதல் பாட்டு முடியும்வரை நாகரிகமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல, "பாவம், உடம்பு சரியில்லயா அவருக்கு?" என்று கேட்டாள். அண்ணி சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த வரைபடம் ஒன்று உருண்டு விழுந்தது.

அடுத்து ஜன்னலோர சீட்டு. பாடகி பாட ஆரம்பித்ததும் இஸ்திரிக்காரப் பெண் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். வாத்தியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், விடைத்தாள் திருத்தித் தருவார்களா என்று காத்திருக்கும் மாணவன் மாதிரி. "இவ்வளவு நல்லாப் பாடறாங்களா!" என்றாள் அவள். "இந்தக் குரல் கொஞ்சம்கூடக் கீழ வரலையே. ஏமாத்திட்டீங்களே என்ன."

கடைசியாகப் பேப்பர் நிலா. இந்தத் தடவை வாத்தியார் இரண்டு காலையும் நாற்காலிக்குப் பின்னால் பின்னிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு பாட்டையும் அவள் அசையாமல் கேட்டாள். ஆறாவது பாட்டில், ஊருக்குப் போனவள் திரும்பி வரும் ரயிலின் நேரத்தைப் பாடகன் மெல்லச் சொல்லும் இடத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமைதி என்று அவள் எழுதின இடத்தில் ஒரு மனுஷன் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

முடிந்ததும் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "இப்ப எல்லாத்தையும் சரியாக் கேட்டாச்சு. பட்டியல மாத்தறதுன்னா தாராளமா மாத்தலாம். நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்." அவர் பேனாவை நீட்டிய வேகத்தைப் பார்த்து டெசிபலுக்கே பாவமாக இருந்தது.

இஸ்திரிக்காரப் பெண் பேனாவை வாங்கினாள். தாளைப் பிரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"மாத்த வேணாங்க. ஏழு வாரம் கீழ நின்னு நான் கேட்டது இது. அதுக்குத்தானே வரிசை போட்டேன். இன்னிக்குக் கேட்டது வேற. ஒரு வாட்டி கேட்டுட்டு எப்படி வரிசை போடறது? நீங்க எல்லாம் எத்தன நாள் சண்டை போட்டுப் போட்டீங்க."

வாத்தியார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டெசிபலைப் பார்த்தார். "கேக்காம ஓட்டு கிடையாதுன்னு நீங்க சொன்னீங்க," என்றாள் டெசிபல். "கேட்டிருக்காங்களே."

"கேட்டிருக்காங்க," என்று ஒத்துக்கொண்டார் வாத்தியார். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு பிடிக்காவிட்டாலும் மாற்றி எழுத மனசு வராது. பலகையில் சாக்பீஸால் எழுதினார்: ஒன்று, பேப்பர் நிலா, நாற்பத்தாறு. இரண்டு, ஜன்னலோர சீட்டு, நாற்பத்தைந்து. அதன் கீழே மற்றவை. யாரும் கணக்கில் வைக்காத துருவுக்குப் பன்னிரண்டு புள்ளி கிடைத்து, பதினோராவது இடம் வந்தது. அண்ணன் அதைப் போன் கேமராவில் படம் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷத்துக்குச் சீட்டு எடுக்கலாமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"கூடாது," என்றாள் அண்ணி. "இந்த வருஷத்தையே திரும்பக் கேக்கணும். நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை அந்தத் தூணுகிட்ட. இவங்க மேல."

அப்படியே நடந்தது. லாண்டரி முதலாளியிடம் அண்ணன் போய்ப் பேசினார். இஸ்திரிக்காரப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை வேலை காலைக்கு மாறியது. சாயங்காலம் தூணருகில் யார் நிற்கிறார்களோ அவர்கள் இரண்டு கூடை விரிப்பை மடித்து வைக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட ஒரே நிபந்தனை. வாத்தியார் மடித்ததை மட்டும் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் சுற்று ஒன்பது வாரம் ஆனது. சண்டை முன்பைவிட அதிகம். ஏனென்றால் இஸ்திரிக்காரப் பெண் அண்ணிக்குச் சரியான ஜோடியாக வாய்த்தாள். மின்வெட்டு பெரிதா, ஜன்னலோர சீட்டு பெரிதா என்று இருவரும் ஒரு நாள் படிக்கட்டிலேயே நின்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அண்ணியோடு சேர்ந்து போகலாம் என்று டெசிபல் குடையோடு கீழே காத்திருந்து, பொறுமை போய், மழையில் தனியாகவே வீட்டுக்குக் கிளம்பினாள்.